பெயின்ட் அடிக்கும் மேஜைக்கு எந்த மரம்?

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பாதி மரத்தைப் பற்றி. மீதிப் பாதி அதனால் வீட்டில் நடக்கிற பஞ்சாயத்தைப் பற்றி. அவர் வார்த்தையிலேயே கொஞ்சம் தருகிறேன்.

"என் பெண் அஞ்சாவது போறா. ரோஸ் கலர்லே, கீழே சின்ன அலமாரி வெச்ச படிப்பு மேஜை வேணும்னு ஒத்தைக் கால்லே நிக்கிறா. அவ அப்பா, 'செஞ்சா தேக்குலே செய்யணும், இல்லாட்டி வேண்டாம்'ங்கறார். ஆசாரியோ, 'பெயின்ட் அடிச்சு மூடறதுக்குத் தேக்கு எதுக்கு சார்?'ங்கறார். எங்க மாமியார், 'கொல்லையிலே விழுந்த வேப்பமரத்தை அறுத்துப் போட்டிருக்கே, அதை என்ன பண்றதாம்?'னு கேக்கறாங்க. ஃபர்னிச்சர் கடையிலே ரெடிமேடா பாதி விலைக்குத் தர்றேங்கறாங்க. மாமனார் காலத்துப் பச்சை பெயின்ட் பெஞ்சு ஒண்ணு கிடக்கு. அதையும் நல்லா சுரண்டி, தேய்ச்சு, மேஜைக்கு ஜோடியா ரோஸ் அடிச்சுடலாம்னு இருக்கோம். வீட்டிலே ஒரு வயசுப் பையன் வேறே. எதைக் கண்டாலும் வாயிலே வெச்சுக் கடிக்கிறான். நான் யார் பேச்சைத்தான் கேக்கறது?"

கணவர், ஆசாரி, மாமியார், கடைக்காரர் நாலு பேர் பேச்சிலும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஆனால் சகோதரி, இந்தப் பக்கத்தை முழுக்கப் படித்து முடிக்கிற வரை அந்தப் பச்சை பெஞ்சின் மேல் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம். உப்புத்தாளை எடுத்துப் பரண் மேல் வைத்துவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

தேக்கு எதற்குத் தேக்கு?

தேக்குக்கு நாம் கொடுக்கிற மரியாதை சும்மா வந்ததல்ல. ஈரத்துக்கும் வெயிலுக்கும் அதிகம் கோணாது, விரியாது. வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் சுலபத்தில் அண்டாது. அதற்குள்ளே இயற்கையாக ஓர் எண்ணெய்ப் பசை இருக்கிறது; கையால் தடவினாலே தெரியும். நிலைக்கும் கதவுக்கும் ஜன்னலுக்கும் நம் பெரியவர்கள் தேக்கைத் தேடிப் போனது இதனால்தான்.

ஆனால் நாம் தேக்குக்குக் கொடுக்கிற விலையில் ஒரு பெரிய பங்கு அதன் அழகுக்கு. பொன் நிறமும், அலை அலையாக ஓடுகிற ரேகையும்தான் அந்த அழகு. பாலிஷ் போட்டால் அது இன்னும் எடுக்கும். இரண்டு கை எனாமல் அடித்தாலோ ரேகையும் இல்லை, நிறமும் இல்லை. பட்டுப் புடவை வாங்கி அதன் மேலே ரெயின்கோட் போட்டுக்கொள்கிற கதைதான்!

இன்னொன்றும் உண்டு. தேக்கின் பலமான அந்த எண்ணெய்ப் பசையே பெயின்ட்டுக்கு இடைஞ்சல். பசை உள்ள மரத்தில் பிரைமர் சரியாகப் பிடிக்காது. சில மாதத்தில் செதில் செதிலாக உரியலாம். தேக்குக்குப் பெயின்ட் அடித்தே தீர வேண்டுமென்றால் முதலில் தின்னர் நனைத்த துணியால் நன்றாகத் துடைத்து, அது காய்ந்த உடனே பிரைமர் அடிக்க வேண்டும். ஆக, ஆசாரி சொன்னதுதான் வாஸ்தவம். பெயின்ட் அடிக்கிற மேஜைக்குத் தேக்கு தேவையில்லை.

அதற்காக, "எப்படியும் மூடத்தானே போகிறோம், எந்தக் கட்டையாக இருந்தால் என்ன?" என்று நினைத்துவிடவும் கூடாது. பெயின்ட் அழகில்லாத மரத்தை மறைக்கும். கெட்ட மரத்தை மறைக்காது. ஈர மரம் வெடித்தால் பெயின்ட்டும் சேர்ந்து வெடிக்கும். பூச்சி உள்ள மரமானால் பெயின்ட்டின் மேலேயே ஊசித் துளைகள் விழும்.

பொம்மைக்காரர்களைக் கேளுங்கள்

பெயின்ட்டுக்கு ஏற்ற மரம் எது என்பதை நம் நாட்டில் நன்றாகத் தெரிந்தவர்கள் பொம்மை செய்கிறவர்கள்தான். ஆந்திராவில் கொண்டபல்லி பொம்மைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கு 'தெல்ல பொணிகி' என்ற மரம்.  பஞ்சு மாதிரி கனமில்லாதது, வெளிர் நிறம். கர்நாடகத்தில் சன்னபட்டணத்துப் பொம்மைக்கு நம் வெட்பாலை மரம். அதுவும் வெளிர் நிறம்தான். தந்தம் போல நெருக்கமாக, மழமழவென்று இருக்கும். கடைசல் இயந்திரத்தில் சுழல விட்டு, வண்ணம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்தினால் அந்தச் சூட்டிலேயே நிறம் ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு நேர் எதிர் நம் வீட்டுக் கொலுவில் முதல் படியில் நிற்கிற மரப்பாச்சி. அது செம்மரத்தில் செய்தது. மரத்திலேயே நிறம் இருக்கிறது. அதற்கு யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. பொம்மைக்காரர்களின் சூத்திரம் இதுதான்: நிறமுள்ள மரத்தை அப்படியே விடு, நிறமில்லாத மரத்துக்கு வண்ணம் பூசு.

தஞ்சாவூர்ப் படத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. அதற்குப் பழைய பெயரே பலகைப் படம். பலாப் பலகையின் மேல் நேரே வண்ணம் தீட்டமாட்டார்கள். பலகை மேல் துணி ஒட்டி, துணி மேல் சுண்ணாம்பு மாவுப் பூச்சு கொடுத்து, தேய்த்து வழவழப்பாக்கி, அதற்குப் பிறகுதான் படம். மரம் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். நடுவில் துணி இருந்தால் அந்த அசைவு வண்ணத்தை நேரே தாக்காது. இந்நாளில் அந்தப் படங்களும் பெரும்பாலும் பிளைவுட் மேல்தான் செய்யப்படுகின்றன. பிளைவுட் அவ்வளவாக அசைவதில்லை என்பதுதான் காரணம்.

ஆக, பெயின்ட்டுக்கு ஏற்ற மரத்துக்கு நாலு லட்சணம் சொல்லலாம். ரேகை நெருக்கமாக இருக்க வேண்டும். கணு குறைவாக இருக்க வேண்டும். சாயம் விடக் கூடாது. காய்ந்த பிறகு கோணக் கூடாது.

மரவாடியில் என்னென்ன கிடைக்கும்?

*வேம்பு:* மாமியார் சொன்னது நல்ல யோசனை. வேப்பமரத்தின் உள்வைரம் சிவந்து, கனமாக, உறுதியாக இருக்கும். பூச்சிகளுக்கு அந்தக் கசப்பு ஆகாது. மேஜைக் காலுக்கும் சட்டத்துக்கும் தாராளமாகப் போடலாம். ஆனால் அதன் நார் ஒரே திசையில் ஓடாமல் மாறி மாறி ஓடும். இழைப்புளி பிடிக்கும்போது இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பிய்த்துக்கொள்ளும். அதனால் பட்டி பார்க்கிற வேலை சற்று அதிகம். மாரியம்மன் மரமாயிற்றே, வீட்டுச் சாமான் செய்யலாமா என்று சில வீடுகளில் தயங்குவார்கள். நிலையும் கட்டிலும் வேம்பில் செய்கிற வழக்கம் கிராமங்களில் நெடுநாளாக இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மற்றது உங்கள் வீட்டு வழக்கம்.

*ரப்பர் மரம்:* கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பால் எடுத்து ஓய்ந்த ரப்பர் மரங்களை சுமார் 25, 30 வருஷத்துக்குப் பிறகு வெட்டுகிறார்கள். ஒரு காலத்தில் விறகாகப் போன மரம். வெளிர் நிறம், கணு குறைவு, பெயின்ட்டை நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதில் மாவுச் சத்து அதிகம். பூச்சியும் பூஞ்சையும் ஓடி வரும். போரிக் அமிலமும் வெங்காரமும் கலந்த மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்தியதைத்தான் வாங்க வேண்டும். "மருந்து ஏத்தினதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள், பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

*மா:* மலிவு, வேலைக்கும் எளிது. ரப்பர் மரத்துக்குச் சொன்ன பூச்சி பயம் இதற்கும் உண்டு. மருந்து ஏற்றாத மாமரம் கூடவே கூடாது.

*பலா:* நல்ல உறுதியான மரம்தான். ஆனால் அதன் மஞ்சள், சாயம் போடக் கூடிய மஞ்சள். பௌத்தத் துறவிகளின் துவராடைக்குப் பலாக் கட்டையிலிருந்து சாயம் எடுத்திருக்கிறார்கள் என்றால் பாருங்கள்! வெள்ளை, ரோஸ் போன்ற இளம் நிறத்துக்குக் கீழே பலா இருந்தால் மஞ்சள் மேலே கசியலாம். பலாவுக்கு பாலிஷ்தான் அழகு.

*பூவரசு:* இதைப் பெயின்ட்டுக்குக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் இந்த மரத்தில் செய்த கட்டிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் சாக்லேட் நிறத்தை மூடுவது பாவம்.

*பைன்:* துறைமுகத்தில் வந்து இறங்குகிற பெட்டிகளிலிருந்து பிரித்த மரம் பல ஊர்களில் மலிவாகக் கிடைக்கிறது. வெளிர் நிறம், இழைக்கச் சுலபம். இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். கணுவிலிருந்து பிசின் கசிந்து பெயின்ட்டில் பழுப்புப் புள்ளி விழும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, அதாவது பாலிஷ்காரர்கள் வைத்திருக்கிற அதே கரைசலை, ஒவ்வொரு கணுவின் மேலும் இரண்டு தடவை பூசிவிட்டால் நிற்கும். இன்னொன்று, பெட்டிப் பலகையில் ஒரு முத்திரை இருக்கும். அதில் 'எச்.டி.' என்ற எழுத்து இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது. 'எம்.பி.' என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷப் புகை காட்டியது. குழந்தைகள் புழங்கும் சாமானுக்கு அது வேண்டாம். முத்திரையே இல்லையா? அதையும் விட்டுவிடுங்கள்.

*தைலமரம்:* மலிவு என்று யாராவது தலையில் கட்டப் பார்ப்பார்கள். காயக் காய முறுக்கிக்கொண்டு வெடிக்கும் குணம் உள்ளது. மேஜைக்கு வேண்டவே வேண்டாம்.

வைரமா, வெள்ளையா? ஈரமா, காய்ந்ததா?

எந்த மரமானாலும் நடுவில் இருக்கிற நிறமான பகுதிதான் வைரம். ஓரத்தில், பட்டைக்கு அடுத்து இருக்கிற வெளுத்த பகுதியை 'வெள்ளை' என்பார்கள். பூச்சி முதலில் அரிப்பது அந்த வெள்ளையைத்தான். பெயின்ட் அடிக்கப் போகிறோம் என்று தெரிந்தால் கடையில் வெள்ளை கலந்த சட்டத்தை நைசாகத் தள்ளிவிடுவார்கள். வேம்பு மாதிரி மரத்தில் ஒவ்வொரு சட்டத்தையும் நாலு பக்கமும் திருப்பிப் பாருங்கள். வெட்டு முனையைத் தண்ணீர் தொட்டு ஈரமாக்கினால் வெள்ளை எது, வைரம் எது என்று பளிச்சென்று தெரியும். சட்டத்தைத் தரையில் லேசாகத் தட்டிப் பாருங்கள். மாவு போலத் தூள் கொட்டினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது ஈரம். கொல்லையில் விழுந்த வேப்பமரம் என்றதும் நான் முதலில் கேட்கிற கேள்வி, 'எப்போது அறுத்தது?' என்பதுதான். பலகையாக அறுத்து, இடையிடையே ரீப்பர் கட்டை கொடுத்து, காற்றோட்டமான நிழலில் அடுக்கி வைத்தால், ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. வெயிலில் போட்டு அவசரப்படுத்தினால் முனை வெடிக்கும்.

காய்ந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க நம் சமையலறைத் தராசே போதும். பலகையின் முனையை ஒரு சாண் தள்ளிவிட்டு, உள்பக்கத்திலிருந்து கையகலத் துண்டு ஒன்று வெட்டச் சொல்லுங்கள். அதை எடை போட்டு எழுதி வைத்துக்கொண்டு, அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் வையுங்கள். மூன்று நாளுக்கு ஒரு தரம் எடை போடுங்கள். 230 கிராம் இருந்த துண்டு 200 கிராமுக்கு இறங்கி நின்றால், காய்ந்த எடைக்கு அது 15 சதவிகித ஈரத்தோடு இருந்தது என்று கணக்கு. இப்படி இறங்கினால் மரம் இன்னும் காய வேண்டும். இரண்டு வாரத்தில் எடை அநேகமாக மாறவே இல்லையென்றால் தைரியமாக ஆசாரியைக் கூப்பிடலாம். பெரிய மரக்கடைகளில் ஈரம் காட்டும் மீட்டரே வைத்திருக்கிறார்கள். 12 சதவிகிதத்தை ஒட்டி இருந்தால் நம் ஊருக்கு நல்லது.

சாயம் கசியுமா என்பதற்கும் ஒரு வீட்டுப் பரீட்சை உண்டு. அதே மரத்தின் துண்டில் வெள்ளைப் பிரைமர் ஒரு கை பூசி ஒரு வாரம் வையுங்கள். மஞ்சளோ பழுப்போ மேலே வந்தால், முதலில் அரக்குப் பூச்சு, அதன் மேல் பிரைமர் என்று முடிவு செய்துகொள்ளலாம். தண்ணீரில் கரைகிற பிரைமர் என்றால் இந்தப் பரீட்சை அவசியம். ஏனென்றால் அந்தத் தண்ணீரே சாயத்தை இழுத்துக்கொண்டு வரும்.

அகலமான இடத்துக்குப் பலகை

மேஜையின் மேல்பாகம், அலமாரியின் பக்கங்கள், கதவு ஆகிய அகலமான இடங்களுக்கு முழு மரம் போடுவதை விட ஆலையில் செய்த பலகையே பெயின்ட்டுக்கு உத்தமம். முழு மரத்தை இரண்டு மூன்றாக ஒட்டி அகலப்படுத்தினால், ஒவ்வொரு கோடையிலும் அந்த மூட்டில் ஒரு மயிரிழை விரிசல் எட்டிப் பார்க்கும்.

*பிளைவுட்:* மெல்லிய ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியது. அதனால்தான் கோணுவதில்லை. ஐ.எஸ். 303 என்று இருந்தால் பொது உபயோகத்துக்கு, அதிலும் 'பி.டபிள்யூ.ஆர்.' என்பது ஈரத்தைத் தாங்கும், 'எம்.ஆர்.' என்பது அவ்வளவு தாங்காது. ஐ.எஸ். 710 என்பது தண்ணீருக்கே அஞ்சாத மரைன் ரகம். சமையலறைத் தொட்டிக்குக் கீழே வேண்டுமானால் போடலாம், படிப்பு மேஜைக்கு அவசியமில்லை. ஓரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஏடுகளுக்கு நடுவே பொந்து இருக்கக் கூடாது. நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் பொந்து உள்ள இடத்தில் சத்தம் மாறும்.

*பிளாக்போர்டு:* உள்ளே கட்டைத் துண்டுகள், வெளியே ஏடு. நீளமான தட்டு தொய்யாமல் இருக்க இது நல்லது.

*எம்.டி.எஃப்.:* மரநாரைக் கூழாக்கி அழுத்தியது. ரேகையே கிடையாது, பெயின்ட் அடித்தால் கண்ணாடி மாதிரி வரும். ஆனால் கனம். 18 மி.மீ. முழுத் தாள் ஒன்று சுமார் 40 கிலோ இருக்கும். ஓரத்தில் ஸ்குரூ நிற்காது. கீல் வைக்கிற இடத்தில் மரச் சட்டம் கொடுக்க வேண்டும். தண்ணீர் பட்டால் பொரி மாதிரி ஊதிவிடும். தினம் வீட்டைத் துடைக்கிறவர்கள் நாம், எம்.டி.எஃப். தரையைத் தொடவே கூடாது. கீழே இரண்டு மூன்று அங்குலத்துக்கு மரக் கால் கொடுத்துத் தூக்கிவிடுங்கள்.

*பார்ட்டிகிள் போர்டு:* மரத்தூளையும் செதிலையும் பசை போட்டு அழுத்தியது. கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிற ரெடிமேட் மேஜைகளில் பெரும்பாலும் இதுதான். ஒரு தடவை கழற்றி மாட்டினால் ஸ்குரூ துளை தளர்ந்துவிடும். வீடு மாற்றிப் போகிறவர்களுக்கு மேஜை இரண்டாவது வீட்டைப் பார்ப்பது கஷ்டம்.

இந்தப் பலகைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுவான எச்சரிக்கை. இவற்றை ஒட்டுகிற பசைகளில் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. புது அலமாரியைத் திறந்ததும் கண் எரிகிறதே, அதுதான். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச அமைப்பு 2004-ல் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. கடையில் 'ஈ1' அல்லது 'ஈ0' ரகமா என்று கேளுங்கள். இவை குறைவாக வெளிவிடுபவை. ஓரங்களையும் அடிப்பக்கத்தையும் பெயின்ட் அடித்து மூடிவிட்டால் இன்னும் குறையும். புது மேஜையை இரண்டு மூன்று வாரம் ஜன்னல் திறந்த அறையில் வைத்துவிட்டு, பிறகு குழந்தை தூங்குகிற அறைக்குக் கொண்டுபோங்கள்.

ஒரு சின்னக் கணக்கு

மரத்தை கன அடியில் விற்பதால் பெண்கள் பலர் கணக்கை ஆசாரியிடமே விட்டுவிடுகிறோம். கஷ்டமே இல்லை. நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. 6 அடி நீளம், 12 அங்குல அகலம், 1 அங்குலக் கனம் உள்ள பலகை: 72-ஐ 144-ஆல் வகுத்தால் அரை கன அடி. அவ்வளவுதான்.

மூன்றரை அடிக்கு இரண்டடி மேஜை என்று வைத்துக்கொள்வோம். இரண்டடி அரை உயரத்தில் 2 அங்குலச் சதுரக் கால் நாலு. அவற்றைச் சுற்றி இணைக்க 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனத்தில் மொத்தம் 9 அடி சட்டம். பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 0.47 கன அடிதான் வருகிறது. விரயம் சேர்த்தால் அரைக்குச் சற்று மேலே. மேல்பலகை, அலமாரி, கதவு எல்லாம் 8 அடிக்கு 4 அடி பிளைவுட் ஒரே தாளில் அடங்கி, சுவரில் ஒரு சின்னப் புத்தகத் தட்டுக்கும் மிச்சம் வரும்.

இந்தக் கணக்கை உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள், சகோதரி. மேஜை ஆடாமல் நிற்பது அந்த அரை கன அடிச் சட்டத்தாலும் மூட்டாலும்தான். தேக்குக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல வைரச் சட்டமும், ஈ1 பிளைவுட்டும், நல்ல பெயின்ட்டும் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம்.

இப்போது அந்தப் பச்சை பெஞ்சு

பழைய எனாமல் பெயின்ட்டுகளில், அதிலும் மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் கலந்திருப்பது சர்வ சாதாரணமாக இருந்தது. நிறம் எடுப்பாக இருக்கவும் சீக்கிரம் காயவும் சேர்த்தார்கள். நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பர் 1 முதல்தான் அமலாயிற்று. அப்படியானால் மாமனார் காலத்து பெஞ்சில் என்ன இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிற வரை அபாயம் குறைவு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால்தான் அது தூளாகி வீடு முழுக்கப் பறக்கும். தரையில் படிந்த அந்தத் தூளின் மேல் ஒரு வயசுப் பையன் தவழ்வான். அதே கையை வாயில் வைப்பான். ஈயம் லேசாக இனிக்கும் என்பதால் உரிந்த செதிலைக் குழந்தை துப்பவும் துப்பாது. இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக் கூடிய அளவே ஈயத்துக்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளருகிற மூளையைத்தான் அது தாக்குகிறது. கவனம் குறையும், படிப்பு மந்தமாகும். ஒரு குழந்தை படிக்க மேஜை செய்யப் போய், இன்னொரு குழந்தையின் படிப்பைக் கெடுத்துக்கொள்ளலாமா?

ஆகவே உலர்ந்த நிலையில் சுரண்டுவதோ, மெஷின் வைத்துத் தேய்ப்பதோ, ஊதுவிளக்கால் சுட்டு உரிப்பதோ கூடவே கூடாது. பெயின்ட் எங்கும் உரியாமல் கெட்டியாக இருந்தால், சோப்புத் தண்ணீரால் கழுவி, தண்ணீர் உப்புத்தாளை நனைத்து, வீட்டுக்கு வெளியே லேசாக மட்டும் தேய்த்து, அந்த ஈரச் சேற்றைப் பழந்துணியால் ஒற்றி எடுத்து, துணியோடு ஒரு பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, மேலே புதுப் பிரைமரும் பெயின்ட்டும் அடித்து மூடலாம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது. செதில் செதிலாக உரிகிற பெஞ்சு என்றால், என் அபிப்பிராயம், கடிக்கிற குழந்தை இருக்கிற வீட்டில் அதற்கு இடமே வேண்டாம். எரிக்கவும் வேண்டாம், புகையிலும் ஈயம் போகும்.

புதுப் பெயின்ட் வாங்கும்போதும் டப்பாவின் மேலே ஈயம் பற்றி எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். கேட்டுக்கு அடித்தது, லாரிக்கு அடித்தது என்று மிச்சமிருக்கிற பெயின்ட்டை யார் இனாமாகக் கொடுத்தாலும் குழந்தைச் சாமானுக்கு வேண்டாம். மேலே சொன்ன விதி வீட்டுப் பெயின்ட்டுக்குத்தான். தொழிற்சாலைப் பெயின்ட்டுக்கு அல்ல.

முடிவாக

உங்கள் வேப்பமரம் அறுத்து ஒரு வருஷம் ஆகி, எடைப் பரீட்சையில் தேறினால் கால்களும் சட்டமும் அதிலேயே செய்யுங்கள், மாமியாருக்கும் திருப்தி. இல்லாவிட்டால் மருந்து ஏற்றிய ரப்பர் மரம். அகலமான இடமெல்லாம் 'பி.டபிள்யூ.ஆர்.' பிளைவுட், ஈ1 ரகம். ஓரங்களில் மெல்லிய மரப் பட்டை ஒட்டச் சொல்லுங்கள். குழந்தை இடித்துக்கொள்ளாதபடி முனைகளை உருட்டிவிடச் சொல்லுங்கள். உட்கார்ந்தால் பெண்ணின் முழங்கை மட்டத்தில் மேஜை இருக்க வேண்டும். பாதம் தரையில் பட வேண்டும்.

இன்னும் சில குறிப்புகள்:

● ரேகை ஓடுகிற திசையிலேயே உப்புத்தாள் போட வேண்டும். குறுக்கே போட்ட கீறல் எனாமலுக்கு மேலும் தெரியும்.

● முதலில் பிரைமர், பிறகு பட்டி, மறுபடி பிரைமர், கடைசியில் இரண்டு கை பெயின்ட். ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது.

● ஆறு பக்கமும் அடிக்கச் சொல்லுங்கள். மேல்புறம் மட்டும் அடித்து அடிப்புறத்தை விட்டால் அந்த வழியாக ஈரம் ஏறிப் பலகை வளையும்.

● ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெயின்ட் வேலை வேண்டாம். தை பிறக்கட்டும்.

● தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக எனாமல் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டு வாரமாவது ஆகட்டும். அதற்குள் புத்தகத்தை அடுக்கினால் அட்டை ஒட்டிக்கொள்ளும். பையன் கடித்தால் வயிற்றுக்குள் போகும்.

மரம் வாங்கும்போது பில்லைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மற்ற சகோதரிகள் வீட்டிலும் இதே மாதிரி சுரண்டக் காத்திருக்கிற பழைய பெஞ்சோ, தொட்டிலோ, ஜன்னல் கம்பியோ இருந்தால், நிறத்தையும் ஏறக்குறைய எந்த வருஷத்துப் பெயின்ட் என்பதையும் எழுதுங்கள். அடுத்த இதழில் அதைப் பற்றி மட்டுமே விவரமாகச் சொல்கிறேன்.